மார்க்கண்டுவின் சின்னிவிரல்

வடமராட்சி,
வியாழக்கிழமை.

அன்பு மகன் மயூரதனுக்கு,

வைரவர் புண்ணியத்தில் இங்கே நான் சுகம், சித்தி சுகம், இரண்டு ஆட்டில் ஒன்று சுகம், மற்றதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். கனடாக் குளிருக்குள் நீயும் கீர்த்திகாவும் பிள்ளையும் நலமாக இருக்கவேண்டுமென்று சித்தி தினமும் விளக்கு வைக்கிறாள், எண்ணெய் மட்டும் அவளுடையது, வேண்டுதலின் பாரம் முழுவதும் என் தலையில். உன் அப்பா கண்ணை மூடின நாளிலிருந்து உனக்கு அப்பனும் சித்தப்பனுமாக இரட்டை உத்தியோகம் பார்ப்பவனும், ஈரேழு உலகத்துப் பஸ்களையும் விரல் நுனியில் ஓட்டுவித்த ஓய்வுபெற்ற நேரக்காப்பாளனும், வைகறைச் சபையின் உபதலைவனுமாகிய அருளம்பலம் எழுதுகிறேன். போனில் கதைத்தால் இடையில் வெட்டிவிடுவாய், அதனால்தான் கடதாசி. பக்கத்து வீட்டுத் தனுசியா இதைப் படம் பிடித்து அனுப்புவாள். முதலில் சிரிப்பு வரும், சிரி. பிறகு வராது.

தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லி நீ எழுதி அனுப்பின துண்டுப்பிரசுரம் இருக்கிறதல்லவா, 'வாக்களிப்பவன் தன் இனத்தின் கழுத்தில் கத்தி வைக்கிறான்' என்று, அதை ஊரிலுள்ள மதிலெல்லாம் ஒட்டினோம், மதில் இல்லாத வீட்டில் மாட்டில் ஒட்டினோம், மாடு ஓடிய இடத்தில் பிடித்து நிறுத்தி ஆளிலும் ஒட்டியிருப்போம். போன கிழமை புதன் சனசமூக நிலையத்தில் சபைக்காரர் ஒருவரும் வாக்குப் போடமாட்டோம் என்று சத்தியம் செய்தோம். தலைவர் வில்லியம் மாஸ்டர் வேதப்புத்தகத்தில் கைவைத்தார், நாங்கள் கற்பூரத்தை அடித்து அணைத்தோம், செயலாளர் ஜெயசுதன் இரண்டையும் செய்தான், அவனுக்கு எதிலும் மற்றவரைவிட ஒரு படி கூட வேண்டும். சனிக்கிழமை வாக்குச்சாவடி ஏழு மணிக்குத் திறக்கும், ஊர் எழும்புமுன் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நான் தலையில் துவாயைச் சுற்றி, சித்தியின் பூப்போட்ட குடையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பின் ஒழுங்கையால் போனேன். போனால் வரிசையில் எனக்கு முன்னால் வில்லியம் மாஸ்டர், விடியப்புறமே வேர்த்துக் கொட்டுகிற புழுக்கத்தில் குளிர்தொப்பியை மூக்குவரை இழுத்து விட்டபடி. அவர் ஆகாயத்தைப் பார்த்தார், நான் பூமியைப் பார்த்தேன், ஒருவரை ஒருவர் காணவில்லை என்ற சர்வதேச ஒப்பந்தம் அந்த இடத்திலேயே கைச்சாத்தாயிற்று. ஜெயசுதன் ஹெல்மெட்டோடு நின்றான், உள்ளே கழற்றச் சொன்னபோது அழாக்குறை. அந்த வரிசையில் குளித்து, சந்தனம் வைத்து, வெள்ளை வேட்டி கட்டி, கலியாண வீட்டுக்கு வந்தவன் போல நின்றவன் லவுட்ஸ்பீக்கர் மார்க்கண்டு ஒருவன்தான். சபைக்கு மைக் கட்டுகிறவனே தவிர அவன் சபையில் ஆள் இல்லை, சத்தியமும் செய்யவில்லை. எங்கள் எல்லாருக்கும் தனித்தனியாக வணக்கம் சொன்னான். ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை.

வாக்குப் போட்டவனின் இடது கைச் சின்னிவிரலில் பூசுகிற மை இருக்கிறதே மகன், அது கலி முடிந்தாலும் அழியாது. தேசிக்காய், பப்பாசிப் பால், மண்ணெண்ணெய், கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், தோல் போயிற்று, மை எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு அதே நிலையத்தில் 'புறக்கணிப்பு வெற்றி விழா'. வந்த பதினொரு பேருக்கும் இடது சின்னிவிரலில் கட்டு. சந்தியிலுள்ள பாமசியில் காலை பத்து மணிக்கே பிளாஸ்டர் முடிந்துவிட்டதாம். வில்லியம் மாஸ்டருக்கு முருங்கைக்காய் வெட்டும்போது கத்தி பட்டதாம், ஜெயசுதனுக்குக் கார்க்கதவு, பொருளாளருக்குக் கோழி கொத்தினது, உன் சித்தப்பனுக்கு ஆடு கடித்தது. ஒருவருக்கொருவர் அனுதாபம் சொல்லிக்கொண்டோம். எங்கள் ஊரில் நூற்றுக்கு எழுபது பேர் வாக்குப் போட்டிருக்கிறார்கள் என்று காலையிலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் வெற்றி விழா வெற்றி விழாதானே.

இனி எழுதுவதில் என் கைச்சரக்கு ஒன்றும் இல்லை. மார்க்கண்டு மைக்கைப் பிடித்து ஹலோ ஹலோ என்று சரிபார்த்துக்கொண்டு நின்றான், பனையில் போன கிழமையே கட்டின லவுட்ஸ்பீக்கர் குழாய் ஊர் முழுக்க அதைச் சொல்லியது. மைக்கைச் சுற்றிப் பிடித்த கையில் அந்த விரல், கட்டில்லாமல், கருநீலமாக. ஜெயசுதன் எழும்பி, இஞ்சை பாருங்கோ, துரோகி ஆரெண்டு தேடவே தேவையில்லை, எங்கடை மைக்கையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறான் என்றான். மார்க்கண்டு பகிடி என்று நினைத்திருக்கவேண்டும். சிரித்துக்கொண்டு, என்ன தம்பி உப்பிடிக் கதைக்கிறாய், மாஸ்டர் எனக்கு ரெண்டு பேருக்கு முன்னாலை நிண்டவர், நீ ஹெல்மெட்டோடை நிண்டனி, அருளம்பலத்தண்ணை குடையோடை நிண்டவர், நான் மட்டும் எப்பிடித் துரோகி என்று கேட்டான். மைக்கில் கேட்டான். நாலு ஒழுங்கைக்கும் கேட்டது.

முதல் அடி ஜெயசுதனுடையது, மைக் கம்பியால் வாயில். மார்க்கண்டுவின் பல் மேசையில் விழுந்து உருண்டது. பிறகு நாங்கள் இருந்த கதிரைகளால். மைக் நிலத்தில் கிடந்தபடி வேலை செய்தது, ஒவ்வொரு அடியும் பனையிலிருந்து திரும்பி வந்து எங்கள் தலையில் விழுந்தது, அவன் அம்மா என்று கத்தினதும் அப்படியே ஊருக்குக் கேட்டது. ஒரு வீட்டுப் படலை திறக்கவில்லை. யாரோ வயரை இழுத்து அறுத்தார்கள். அடிக்கிற வேகத்தில் எங்கள் கட்டுகள் கழன்று சீமெந்துத் தரையில் இரத்தத்தோடு ஒட்டிக் கிடந்தன. ஒரு நிமிடம் எல்லாரும் நின்றோம். பதினொரு நீல விரல். நிலத்தில் கிடந்த அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். அந்த நிமிடத்தில் விட்டிருக்கலாம், மகன். ஆனால் அவன் பார்த்துவிட்டான் என்பதற்காகவே அதன் பிறகுதான் கூட அடித்தார்கள். விலாவில் மூன்று எலும்பு போன சத்தம் எனக்குக் கேட்டது. வில்லியம் மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் பிரம்பே தொடாத மனிதன், அந்த விரலை வாங்கிலிலை வையுங்கோ என்றார். ஜெயசுதன் வாங்குப் பலகையில் வைத்து, கதிரைக் காலால் குத்தினான், மூன்று தரம். நான் எங்கே நின்றேன் என்று கேட்பாய். நிற்கவில்லை. அவனுடைய காலில் ஏறி இருந்தேன். துடிக்காதை மார்க்கண்டு, துடிச்சா கூட அடிப்பாங்கள் என்று குனிந்து மெல்லச் சொன்னேன், நன்மைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தேன், ஆனால் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். அண்ணை, நீங்களுமோ என்று மட்டும் கேட்டான்.

குழாய் கட்டும்போது ஏணியால் விழுந்தான் என்று பதினொரு பேரும் பொலிசுக்குச் சொல்லிக் கையெழுத்து வைத்தோம். ஆஸ்பத்திரியில் விரலைக் காப்பாற்ற முடியவில்லை, செவ்வாய்க்கிழமை எடுத்துவிட்டார்கள். நேற்று அவனுடைய மகள் தக்சாயினி வந்து படலைக்கு வெளியே நின்றாள், இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. மாமா, ஏணி எங்கடை வீட்டு முத்தத்திலை கிடக்குது, அண்டைக்கு அப்பா அதைக் கொண்டே போகேல்லை, நீங்கள் எந்த ஏணியைக் கண்டனீங்கள் என்று கேட்டாள். எத்தனை பொய்யை மலை மலையாகக் குவித்த வாய் இது, தேத்தண்ணி குடிக்கிறியோ பிள்ளை என்று கேட்டது. அவள் போனதும் சித்தி குசினியிலிருந்து வந்து, பொலிசுக்குப் போறியளோ, இல்லை நான் போகட்டோ என்றாள். பின்னேரம் ஜெயசுதன் வந்து ஆடுகளைத் தடவி, ஐயா, ரெண்டும் நல்ல வளர்த்தி என்று சொல்லிவிட்டுப் போனான். இன்று விடிய ஒன்று வாசலில் கழுத்தறுந்து கிடந்தது. சித்தி குழி வெட்டி அதைத் தாட்டுவிட்டுக் கை கழுவி வந்து தேத்தண்ணி போட்டுத் தந்தாள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். ஞாயிறு இரவே, யார் எடுத்து அனுப்பினார்களோ, அடிபட்டுக் கிடந்த மார்க்கண்டுவின் படத்தைப் பேஸ்புக்கில் போட்டு 'ஊர் தன் துரோகிக்குக் கொடுத்த தீர்ப்பு' என்று எழுதியிருக்கிறாய், ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் கைதட்டியிருக்கிறார்கள். ஏணியால் விழுந்தவனுக்கு எது தீர்ப்பு என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை இரவு எனக்குப் போன் எடுத்தவன் யார். சித்தப்பா, வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, ஆனா நீங்களும் சித்தியும் போய்ப் போட்டிட்டு வாங்கோ, மற்றக் கட்சிக்காரர் வெண்டா பலாலிப் பக்கம் ஆமி பிடிச்சு வைச்சிருக்கிற அம்மான்ரை காணி விடுபடாது என்றாய். உன் சொல்லுக்காக மட்டும் நான் போகவில்லை, எனக்கும் போட ஆசை இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். துண்டுப்பிரசுரம் எழுதின கையும் உன்னுடையது, போன் பிடித்த கையும் உன்னுடையது. உன் விரலில் மட்டும் மை இல்லை.

நாளை காலை பத்து மணிக்குச் சித்தியோடு பொலிசுக்குப் போகிறேன். அவன் காலில் ஏறி இருந்தது முதல் கையெழுத்து வைத்தது வரை சொல்லுவேன். சத்தியம் செய்துவிட்டு ஏன் வாக்குப் போட்டாய் என்று கேட்பார்கள், அப்போது உன் பெயரையும் சொல்லுவேன். உன்னை மறைக்கலாம் என்று நேற்று இரவு முழுக்க யோசித்தேன். மறைத்தால் அந்தப் பொய் ஏணி திரும்பவும் நிமிர்ந்து நின்றுவிடும். அதற்குமுன் அந்தப் படத்தை எடுத்துவிடு. எடுத்தால் போதாது, நான்தான் சித்தப்பாவைப் போடச் சொன்னேன் என்று அதே இடத்தில், அதே ஆயிரம் பேருக்கு எழுது. என்னைப் பிடித்து வைத்தாலும் வைப்பார்கள், வெளியில் விட்டால் ஜெயசுதன் இருக்கிறான். நீ எழுதினால் அவன் அடங்குவான், எங்கள் வாசலில் கழுத்தறுந்து கிடப்பது ஆட்டோடு நிற்கும் என்று நினைக்கிறேன். நீ எழுதாவிட்டாலும் போவேன்.

வைரவர் உங்கள் மூவரையும் காக்கட்டும். பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போடச் சொல்லு. கீர்த்திகாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, ஒளிக்காதே. நான் நகம் வெட்டவில்லை, உப்புத்தாளும் இனி இல்லை, மை அப்படியே இருக்கிறது. காட்டுவதற்கு மார்க்கண்டுவிடம் விரல் இல்லை, அதனால் நாளை என்னுடையதைக் காட்டுவேன்.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்,
சித்தப்பா அருளம்பலம்
(உபதலைவன் என்பதை வெட்டிவிட்டேன்)