பூப்போட்ட துணி

அம்மாவுக்கு,

பஸ்காரரிடம் நீங்கள் கொடுத்துவிட்ட பூப்போட்ட துணியை இதோடு திருப்பி அனுப்புகிறேன். ஏழு வயதில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி என் முடியெல்லாம் கொட்டியபோது தலையில் கட்டிவிட்டீர்களே, அதே துணி. இனி யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

எங்கள் நிதியை நடத்தும் சுதர்சன் அண்ணன் தலையில் துணி கட்டி நிற்கச் சொன்னபோதே முடியாது என்றேன். "இடுப்பு வரைக்கும் பின்னலோட நின்னா யாரு, தங்கச்சி, உண்டியல்ல போடுவாங்க?" என்றார். புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்காக இத்தனை வருடம் உண்டியல் தூக்குகிறேன், பின்னலோடு நின்றாலும் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? நீங்களாவது என் பக்கம் பேசுவீர்கள் என்று பார்த்தேன். "ஒரு நாளைக்குத்தானே, கட்டிக்க" என்று போனில் சொல்லிவிட்டுத் துணியையே அனுப்பிவிட்டீர்கள்.

கட்டினேன். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் மத்தியானத்துக்குள் உண்டியல் நிறைந்துவிட்டது. அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

அப்போதுதான் டிக்கோயாவிலிருந்து ஒரு பிள்ளை வந்தது. முடி கொட்டியதிலிருந்து மருந்துக்கே போகமாட்டேன் என்று அழுகிறதாம். "கூட்டிக்கிட்டு வாங்க, என் பின்னலப் பாக்கட்டும்" என்று அதன் அம்மாவிடம் நான்தான் சொல்லியிருந்தேன். பின்னலோ துணிக்குள் சுருட்டிக் கிடந்தது. சுற்றிலும் காசு போட்ட சனம். அவிழ்க்கக் கை வரவில்லை, அம்மா.

பிள்ளை என் தலையையே பார்த்தது.

"அக்கா, ஒங்களுக்கும் இன்னும் மொளைக்கலயா?"

நாளைக்குப் பின்னலைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர்களின் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறப்பார்களோ என்னவோ.

இடுப்பு வரை முடியுள்ள
உங்கள் மகள்