லிட்டருக்குப் பதினெட்டு

இன்று காலை நம் காரை நானே ஓட்டிக்கொண்டு சிம்பாங் ரெங்கம் வரை போய் வந்தேன். அங்கே ஒரு வேலையும் இல்லை. ஒருமுறை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் போனேன். வீட்டு வாசலில் நிறுத்தியபோது, காரின் முன்திரையில் லிட்டர் பெட்ரோலுக்குப் பதினெட்டு கிலோமீட்டர் என்று காட்டியது.

நீங்கள் ஓட்டிய கடைசி வருடம் முழுக்க அது பத்தைத் தாண்டியதில்லை. ஜொகூர் பாருவிலிருந்து சிம்பாங் ரெங்கம் தொழிற்சாலைக்குத் தினமும் நெடுஞ்சாலையில் போய் வருவதாகத்தான் சொன்னீர்கள்.

"என்னங்க, ஹைவேல ஓடுற கார் இவ்வளவு எண்ணெய் குடிக்குமா?" என்று கேட்டேன்.

"பழைய கார்லா. பட்டறையில காட்டணும்," என்றீர்கள்.

நான்தான் கொண்டுபோய்க் காட்டினேன். பிளக், ஃபில்டர் எல்லாம் மாற்றியும் எண் ஏறவில்லை. பட்டறைக்காரத் தம்பி தயங்கித்தான் சொன்னான்: "அக்கா, காருல ஒன்னும் இல்ல. ஒரே வேகத்துல போனா எண்ணெய் மிச்சமாகும். சிக்னல் விளக்குக்கு விளக்கு நின்னு நின்னு எடுத்தா, ஜாம்ல எஞ்சின் சும்மா ஓடினா, இப்படித்தான் குடிக்கும். அண்ணன் டவுனுக்குள்ளதான் ஓட்டுறாரு."

"என் வீட்டுக்காரரு பொய் சொல்றாருங்கிறியா?" அங்கே நின்ற எல்லார் முன்னாலும் கத்திவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னபோது, நீங்கள் சோற்றைப் பிசைந்தபடியே, "வேற பட்டறை பாப்போம்," என்றீர்கள்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பின் தெரியாத ஒரு அம்மா வந்தார். ரத்தம் சுத்திகரிக்க மருத்துவமனைக்கு உங்கள் காரில்தான் போவாராம். "வேலை போயிருச்சு, அதான் டவுன்ல ஆள் ஏத்தி ஓட்டுறேன்னு சொன்னாரும்மா. வீட்டுல சொல்ல முடியலன்னு அழுதாரு."

வேலை போனதற்காக நான் வருந்தவில்லை. பின்னிருக்கையில் வந்தவரிடம் அழ முடிந்திருக்கிறது. இருபது வருடம் கூட வாழ்ந்தவளிடம் முடியவில்லை. தினமும் சோறு கட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் வந்து, இல்லாத வேலையில் இல்லாத மேலாளர் திட்டியதாகக் கதை சொன்னீர்கள். நானும் உங்களுக்காக அந்த ஆளைத் திட்டினேன்.

பட்டறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா," என்று அந்தத் தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டான். நீங்கள்தான் எதையும் கேட்காமல் போய்விட்டீர்கள்.

கோவிலில் பார்க்கிறவர்கள் உங்களைத் தங்கமான மனுஷன் என்கிறார்கள். தலையாட்டுகிறேன். ஆனால் பதில் வராத ஒரே ஒரு கேள்வியோடுதான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்: என்னை எப்படிப்பட்டவள் என்று நினைத்திருந்தீர்கள்?