யாரும் மிதிக்காத மணல்

சின்னவனின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

பாலைவனத்து அமைதியில் கடவுளைத் தேடி வருகிறவர்களுக்கு எங்கள் முகாமில் கூடாரம் போட்டுத் தருகிறோம். நாங்கள் வாய் திறந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். விடிவதற்குள் மணல்மேல் பலகையை இழுத்து எங்கள் கால்தடங்களையும் அழித்துவிட வேண்டும். யாரும் மிதிக்காத மணலில்தான் அவர்களுக்கு மனம் அடங்குமாம்.

நேற்றைய கூத்தைக் கேள். எங்களோடு தண்ணீர் சுமக்கும் தாடிக்காரர் உச்சிவெயிலில் மண்டிபோட்டு, நெற்றி மணலில் பட அப்படியே கிடந்தார். சத்தம் போடக்கூடாது என்று யாரையும் கூப்பிடவும் இல்லை. கும்பிடுகிறார் என்று நினைத்து, தங்க வந்த ஓர் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பின்னாலேயே இன்னும் நாலு பேர்.

நான் போய்த் தொட்டுப் பார்த்து, "ஐயோ, மூச்சே இல்லைங்க!" என்று கத்திவிட்டேன்.

மேலாளர் ஓடிவந்து காதோடு சொன்னார்: "வாய மூடுடா. அவங்க இன்னும் கண்ணத் தொறக்கல."

நீ பயப்படாதே. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. இன்றிலிருந்து தாடிக்காரருடைய குடம் எனக்கு.

சின்னவனின் விசிலைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தேனே, அதை அனுப்பு. கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன்.

விடியப் போகிறது. அவர் கிடந்த இடத்தைச் சமன் செய்யச் சொல்லிக் கை காட்டுகிறார்கள். வருகிறேன்.