மிச்சமாகும் மயிரிழை

பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீ எழுதி இரண்டு மாதம் ஆகிறது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவ்வளவு ரத்தமா?

இசைப்பள்ளிப் பெரிய பியானோவுக்குப் பழைய முறையில் சுருதி சேர்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ச-விலிருந்து ப-வுக்குச் சுத்தமாகத் தாவு. அந்தப் ப-வையே ச-வாக வைத்து மறுபடி தாவு. பன்னிரண்டு தாவலில் புறப்பட்ட ச-வுக்கே வந்து சேர வேண்டும். சேராது, ஒரு மயிரிழை தள்ளித்தான் விழும். இப்போதெல்லாம் அந்த மிச்சத்தைப் பன்னிரண்டுக்கும் பங்கு போட்டுவிடுகிறோம். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பொய். பழைய முறையில் பதினொன்று சுத்தம், மிச்சம் முழுக்க ஒன்றின் தலையில். அது ஊளையிடும். தொழிலில் அதற்கு ஓநாய் என்றே பெயர். யாரும் தொடாத இரண்டு கட்டைகளுக்கு நடுவே கட்டிப்போட்டிருக்கிறேன்.

போனை வலக்காதுக்கு மாற்றினால் உன் குரல் சுருதி ஏறிவிடுகிறது. புதுப் போன் வாங்க வேண்டும்.

உன் தம்பி

பிப்ரவரி 19

என் பாம்புச்செவிக்கு,

இங்கே ரத்தத்துக்குக் குறைவில்லை, ஆளுக்குத்தான். எழுதாததற்கு அடுத்த முறை நேரில் திட்டு.

போன் விஷயம் மனதில் உறுத்துகிறது. வேறு போனில் பேசிப் பார்த்தாயா? நீ படியில் தடுமாறி விழுந்ததாக உன் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. அடி பலமா?

அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்கா,

ஓநாய் அவிழ்ந்துவிட்டது. தலைமையாசிரியை வாசித்துப் பார்த்துவிட்டு, "மேல் பாதி முழுக்க ஊளையிடுதுங்க" என்றார். நான் கேட்டேன், சுத்தமாக இருந்தது. சுருதி மீட்டரை வைத்துக் காட்டினார். மீட்டர் கோளாறு என்றேன். யாரோ தந்தி முறுக்கும் ஆணிகளைத் திருகுகிறார்கள். வயலின் வாத்தியாரிடம் நேருக்கு நேராகவே கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து பள்ளியில் யாரும் என்னோடு பேசுவதில்லை. அறையைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். பூட்டியும் மாறியிருக்கிறது.

படியில் விழுந்தது செருப்பு வழுக்கி. அதையும் பெரிசாக்காதே.

தம்பி

மார்ச் 15

தம்பி,

கோபப்படாமல் படி. எங்கள் ஆஸ்பத்திரிக் காது டாக்டரிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். இசைக்கவையைத் தட்டி இடக்காதில் வை, பிறகு வலக்காதில். அதற்குத் தெரிந்தது ஒரே சுரம். இரண்டு காதிலும் வேறாகக் கேட்டால் கோளாறு பியானோவில் இல்லை. உள்ளே ஏதோ வளர்ந்து நரம்பை அழுத்தலாம் என்றார். நீ விழுந்ததைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க. தள்ளிப்போட வேண்டாம்."

நீயே தட்டிப் பார்த்துவிட்டு எழுது.

அக்கா

மார்ச் 27

அக்கா,

தட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றல்ல.

நீ சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஒரு வருடமாகத் தெரியும். தெரிந்தேதான் வயலின் வாத்தியார் மேல் பழி போட்டேன். கண்டுபிடித்தால் அறுப்பார்கள், அறுத்தால் அந்தக் காது போகும். பிறகு என்னை எந்தப் பியானோவுக்குக் கூப்பிடுவார்கள்? ஏப்ரல் முழுக்க வேலை இருக்கிறது. இடக்காதை வைத்து ஒப்பேற்றிவிடுவேன்.

யாரிடமும் வாய் திறக்காதே. உன்னை நம்பி எழுதுகிறேன்.

தம்பி

ஏப்ரல் 10

அக்காவுக்கு,

தலைமையாசிரியைக்கு நீ எழுதிய கடிதத்தை அவர் என்னிடமே படிக்கக் கொடுத்தார். ஸ்கேன் எடுக்காமல் பியானோவைத் தொடக் கூடாது என்றுவிட்டார். எடுத்தேன். எலுமிச்சம்பழ அளவு, மூளையையே அழுத்துகிறதாம். வருகிற வியாழக்கிழமை அறுவை. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டேனாம். நீ உயிரைக் காப்பாற்றியதாக எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

நேற்று வயலின் வாத்தியார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த இரக்கம் நீ வாங்கித் தந்தது.

வராதே. எழுதவும் எழுதாதே.

ஏப்ரல் 26

தம்பி,

வியாழன் போய்ப் பத்து நாளாகிறது. உன் போன் அணைந்தே கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். உறவினர் யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாதென்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாயாம். "உயிரோட இருக்கானா, அதை மட்டும் சொல்லுங்க" என்றேன். வைத்துவிட்டார்கள். உன் வாசலில் தபால் குவிந்து கிடப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள். இதுவும் அந்தக் குவியலில்தான் விழப்போகிறது.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். நாளைக்கே மறுபடி நடந்தாலும் அந்தக் கடிதத்தை எழுதுவேன்.

வராதே என்றாய், வரவில்லை. பெட்டியை மட்டும் மூன்று முறை எடுத்துக் கட்டினேன். சனிக்கிழமை வரை பார்ப்பேன். அதன்பின் உன் பேச்சைக் கேட்க மாட்டேன். நீ ஒன்றும் எழுத வேண்டாம். வெறும் தாளை மடித்து உறையில் போடு. மேலே என் முகவரி உன் கையெழுத்தில் இருந்தால் போதும்.

அக்கா