பத்து மணிக்குக் கட்டம் இல்லை

6.3.89 திங்கள்

மூன்று மணிக்கு மழை. கொடியில் காய்ந்த துணி எல்லாம் மறுபடி நனைந்தது. மலருக்கு இலேசாகச் சளி. பிறந்து ஏழு மாதம், அதற்குள் எத்தனை சளி. மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

ஆபீசில்: கோலாலம்பூரிலிருந்து மிஸ்டர் லிம் வந்தார். கம்பெனியின் மூன்று செம்பனை எண்ணெய்த் தோட்டங்களுக்கும் சேர்த்து ஒரே கம்பியூட்டர் வைக்கப்போகிறவர். இந்தப் புழுக்கத்தில் டை. மெஷின் வாங்குவதற்கு முன்னால் கம்பெனி முழுவதையும் படமாகப் போட வேண்டுமாம், வீட்டுக்கு பிளான் போடுவதுபோல. ஆர்க்கிடெக்சர் என்கிறார். ஓர் அமெரிக்கக் கட்டுரையின் ஜெராக்ஸ் கொடுத்தார். படம் போடுவது நான். ஆபீஸ் கிராணிகளில் டிப்ளோமா படித்தவள் நான் ஒருத்திதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மேனேஜர் படத்தில் கையெழுத்துப் போடுவார், அப்புறம் எல்லாம் அதன்படிதான். என் வேலை நிரந்தரமாவதும் அதோடு என்று ஒரு பேச்சு. பேச்சுதான்.

புதன்கிழமை ஒரு சோதனை. காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டதும், யாருக்கு எந்தக் காடு என்று வேலையை மேய்க்கும் மண்டோர்தான் பிரித்துவிடுவார். அன்றைக்கு மட்டும் மெஷின் அடித்த தாள் சொல்லும்.

வாங்க வேண்டியது: கிரைப் வாட்டர், ஊக்கு, வெங்காயம்.

7.3 செவ்வாய்

நல்ல வெயில். துணி காய்ந்தது.

கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஒன்றும் ஏறவில்லை. காலேஜை விட்டு வந்து மூளை துருப்பிடித்துவிட்டதோ என்று பயம். இரண்டாவது தடவை கொஞ்சம் பிடிபட்டது.

ஒரு பெரிய கட்டம். ஒவ்வொரு வரிசையும் ஒருவருடைய பார்வை: சொந்தக்காரர், டிசைன் போடுபவர், கட்டுபவர். மேலிருந்து கீழே ஓடும் பத்திகள் கேள்விகள்: எது, எப்படி, எங்கே. எது என்றால் ஆள், காடு, குலை, லோரி. எப்படி என்றால் வேலை நடக்கும் விதம். எங்கே என்றால் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குத் தகவல் போகிறது. வரிசையும் கேள்வியும் சந்திக்கும் இடத்தில் ஒரு படம். மேல் வரிசைப் படத்தையே நுணுக்கமாக வரைந்தால் கீழ் வரிசை வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அது வேறு படம். வேறு ஆளுக்கு வேண்டிய படம்.

சாப்பிடும்போது வீட்டுக்காரர் செல்வத்திடம் சொல்லிப் பார்த்தேன். பாசிர் பெனம்பாங் மீன் கொட்டகைகளுக்கு ஐஸ் லோரி ஓட்டுகிற மனுஷன், தூக்கம் கண்ணைக் கட்டுகிறது, இருந்தாலும் கேட்டார். பின்னால் சமையல்கட்டு இழுத்துக் கட்டுகிறோமே, அதையே உதாரணமாக எடுத்தேன்.

“நீங்க காலண்டர் பின்னாடி வரைஞ்சதுல சன்னல் இருக்கு, அடுப்பு இருக்கு. பிளான்காரர் வரைஞ்சதுல அளவு இருக்கு. கொந்துரேக்டர் கையில இருக்கிறதுல கம்பியும் செங்கல்லும்தான். மூணும் ஒரே சமையக்கட்டு.”

“அப்ப ஒழுகுனா எந்தப் படத்தப் போய் ஒதைக்கிறது?”

சிரிப்பு வந்துவிட்டது. மலர் விழித்துக்கொண்டாள். மறுபடி தூங்க வைக்க வெகுநேரம்.

8.3 புதன்

மப்பு. மழை இல்லை.

பெரட்டில் தாளை ஒட்டினார்கள். நான் கொடுத்த விவரம்தான்: ஆள் நம்பர், காட்டு நம்பர், எந்தக் காட்டுக்கு எத்தனை பேர். மெஷின் கோத்துவிட்டது. மிஸ்டர் லிம் கடியாரத்தைப் பார்த்து, வேலை சீக்கிரம் பிரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார். முனியாண்டி மண்டோர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “பேப்பர்ல என்னா இருக்கோ அதான்லா” என்று கிளம்பிவிட்டார்.

பத்து மணிக்கு எப்போதும்போல் ஆயாக் கொட்டகைக்குப் போனேன், மலருக்குப் பால் கொடுக்க. ஆபீசுக்கு எதிர்ப்பக்கம்தானே. பத்தானால் சொல்லாமலே ரவிக்கை நனைந்துவிடுகிறது. பிள்ளைகளைப் பார்க்கும் பாக்கியம் அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். தோளில் லெச்சுமியின் கைக்குழந்தை. மூன்று மாதம். கத்திக் கத்திக் குரல் கம்மிவிட்டது. கரண்டியில் சீனித் தண்ணீர் கொடுத்தால் துப்புகிறது.

லெச்சுமி குலையிலிருந்து உதிரும் கொட்டை பொறுக்குகிறவள். இன்று தாள் அவளை 14-ஆம் காட்டில் போட்டிருக்கிறது. ஆற்றோரம், வெகு தூரம். அங்கிருந்து பத்து மணிக்கு எப்படி வருவாள். பால் குடிக்கிற பிள்ளை உள்ளவர்களை முனியாண்டி எப்போதும் லயத்து வீடுகளுக்குப் பக்கத்துக் காட்டில்தான் போடுவார், பத்துக்கு வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பட்டும் என்று. சட்டம் இல்லை, ரிக்கார்டு இல்லை. வழக்கம். என் படத்தில் அவள் ஒரு நம்பர்.

மனசு கேட்காமல் நான் மறுபடி அங்கே போயிருந்தபோது, பதினொன்றுக்கு மேல், ஓடி வந்தாள். காலெல்லாம் சேறு. கேட்காமல் காட்டை விட்டு வந்ததால் அரைநாள் சம்பளம்தான் என்று போட்டுவிட்டார்களாம். முதுகைத் திருப்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். அப்புறம் மெதுவாக,

“நீங்க பத்து மணிக்கு வந்துட்டீங்க கிராணிம்மா. எனக்கு யாரும் பத்து மணி போடல.”

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் தலைவலி. இரசம் மட்டும் வைத்தேன்.

9.3 வியாழன்

மலருக்குச் சளி பரவாயில்லை. கிரைப் வாட்டர் மறந்துவிட்டேன்.

கட்டுரையின் கடைசிப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். எது, எப்படி, எங்கே, இந்த மூன்றுக்கும்தான் எழுதியவர் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். யார், எப்போது, ஏன் என்றும் கேட்கலாம், அவற்றுக்கும் படம் உண்டு என்று சும்மா ஒரு வார்த்தை. அதற்குமேல் போகவில்லை. நானும் போகவில்லை. மூன்று கட்டத்தை நிரப்பிவிட்டு முழுத் தோட்டமும் வந்துவிட்டது என்று இருந்தேன்.

பென்சிலால் இன்னும் மூன்று கோடு. யார்: நம்பர் இல்லை, கைக்குழந்தை உள்ள தாய். எப்போது: பத்து. ஏன்: எழுத வரவில்லை. எதை எழுதினாலும் கெஞ்சுவதுபோல் இருக்கிறது.

மிஸ்டர் லிம்மிடம் காட்டினேன். மரியாதையாகத்தான் பேசினார். நல்ல யோசனை, ஆனால் நாளை கையெழுத்து, இதெல்லாம் அடுத்த வருஷம் சேர்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை சோறு தின்னும்.

நான் படத்தைக் குறை சொன்னால் குறை என்மேல்தான். வரைந்தவள் நான்தானே. வேலை நிரந்தரமாகாவிட்டால் சமையல்கட்டுக்குக் கூரை எங்கிருந்து வரும்? செல்வத்திடம் சொன்னேன். “ஒழுகுற எடத்த இப்பவே காட்டிட்டா ஒதைக்க வேணாம்ல” என்று திரும்பிப் படுத்துவிட்டார். அவருக்கென்ன.

10.3 வெள்ளி

மழை வரும்போல இருந்து வரவில்லை.

ஒன்பதரைக்கு மீட்டிங். மேனேஜர், மிஸ்டர் லிம், நான். சுவரில் படம், மூன்று கேள்வியோடு. மிஸ்டர் லிம் நன்றாக விளக்கினார், என்னைப் பாராட்டவும் செய்தார். மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டு, எல்லாம் இதில் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்.

இல்லை என்றேன். புதன்கிழமை நடந்ததைச் சொன்னேன். பாதி கட்டம்தான் போட்டிருக்கிறேன் என்றேன். சொந்தக்காரர் வரிசையில் முதலில் ஒரு விதி வேண்டும்: கைக்குழந்தை உள்ளவர்களுக்குக் கிட்டத்துக் காடு. மேலே அது இருந்தால்தான் டிசைனில் வரும், டிசைனில் வந்தால்தான் மெஷினுக்குத் தெரியும். முனியாண்டிக்குத் தெரிந்தது மெஷினுக்குத் தானாகத் தெரியாது. மிஸ்டர் லிம் மேசையைப் பார்த்தார்.

அதுவரை இங்கிலீஷில் பேசிய மேனேஜர் தமிழுக்கு மாறினார். “சரிம்மா. கம்பெனி ஏன் இதப் பாக்கணும்? அதச் சொல்லு.”

நான் வெறுமையாக விட்ட கட்டம். பத்தாகிவிட்டது, எனக்குத்தான் கடியாரம் வேண்டாமே. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தேன்.

“பிள்ளைக்குப் பால் குடுக்கணும் சார். குடுத்துட்டு வந்துர்றேன்.”

போய்விட்டேன். மலர் மட்டும் ஒன்றும் தெரியாமல் காலை ஆட்டிக்கொண்டு குடித்தாள்.

திரும்பி வந்தபோது மேனேஜர் இல்லை. மிஸ்டர் லிம் டையைத் தளர்த்திவிட்டுச் சுவர்ப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று. கையெழுத்து ஆகவில்லை, படம் முடிகிற வரைக்கும் மண்டோரே பிரிக்கட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். என் வேலையைப் பற்றி மேனேஜர் ஏதாவது சொன்னாரா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

11.3 சனி

விடியற்காலை மழை, பெரட்டு நேரத்துக்கு விட்டுவிட்டது. முனியாண்டிதான் பேர் கூப்பிட்டார். தாள் இல்லை.

என் வேலை பற்றி இன்னும் ஒரு வார்த்தை இல்லை. மேனேஜர் குட்மார்னிங் சொன்னார், எப்போதும் சொல்வதுதான்.

லெச்சுமி 3-ஆம் காட்டில், லயத்துக்குப் பக்கத்தில். பத்து மணிக்குக் கொட்டகைக்குப் போனபோது பெஞ்சில் இருந்தாள், பிள்ளை மடியில். நான் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையை அந்தப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தாள், இன்னோர் ஆள் உட்காருகிற அளவுக்கு.