ஒரு தப்பும் இல்லாத வீடியோ

எட்டாம் திகதி, செவ்வாய்

வீட்டு இசையை வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருந்தார் மகளின் சங்கீத டீச்சர். மகள் பாடினாள், நான் தப்பு அடித்தேன். பழைய பேப்பரைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அடித்தேன். பன்வில பள்ளிக்கூடத்துக்குள் என் தப்பு முதல் தடவையாகப் போகிறது என்று லயத்து வீடுகள் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

இன்றைக்குத்தான் அதை எல்லாருமாகப் பார்த்தோம். மகள் குரல் மட்டும் கேட்கிறது. பின்னால் நான் சும்மா கையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

"என்னா மாமா, கொசு அடிக்கிறீங்களா?" என்றான் பக்கத்து வீட்டுச் செல்வம்.

"ஆமாடா. இனி சாவு வீட்டுக்கும் இப்படித்தான் வருவேன். பொணம் நிம்மதியாத் தூங்கட்டும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நடுவில் நாய் குரைத்ததாம். அதை எடுக்க, இரைச்சல் நீக்கும் பொத்தானை அழுத்தினாளாம் மகள். நாயோடு சேர்த்து என் தப்பையும் போன் எடுத்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு, "திரும்ப எடுப்போமா புள்ள?" என்று கேட்டேன். தப்பைக் காய்ச்சப் பேப்பர்கூடத் தேடி வைத்திருந்தேன்.

"வேணாம்ப்பா. டீச்சர் கேட்டுட்டாங்க. ரொம்ப நல்லா இருக்காம். ஒரு தப்பும் இல்லையாம்."

சொன்னது என்னவென்று அவளுக்கே விளங்கவில்லை. வேறு நாளென்றால் அந்த ஒரு வார்த்தையை வைத்தே ராச்சாப்பாடு வரைக்கும் அவளைச் சிரிக்க வைத்திருப்பேன். இன்றைக்கு, "சரி புள்ள" என்று மட்டும் சொன்னேன்.