சீசன் வரைக்கும்

ஏப்ரல் 8

பள்ளி ஆண்டு மலருக்கு 'ஒரு சொல்லின் கதை' என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். இங்கிலீஷ் டீச்சர் என்றால் இதெல்லாம் என் தலையில்தான் விழும். 'சீசன்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். தென்காசியில் அதற்கு அர்த்தம் கேட்க ஆள் கிடையாது. ஆனியில் சாரல் விழும், குற்றாலத்தில் தண்ணீர் கொட்டும், அதுதான் சீசன். எங்கள் வீட்டில் கூடுதலாக ஒன்று: சவூதியில், தம்மாமில் இருக்கும் மச்சான், என்னைக் கட்டியவர், லீவில் வரும் காலம்.

ஏப்ரல் 11

மாமிக்கு, மச்சானின் உம்மாவுக்கு, கணையத்தில் புற்றுக்கட்டி. முற்றிவிட்டது. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் மாமா சொன்னார்: "சுஹைபுக்குத் தெரியக் கூடாது. புதுக் கம்பெனி. இப்பம் ஓடி வந்தாம்னா வேலை போயிரும். சீசனுக்கு வருதாம்லா, அப்பம் பாத்துக்கிடட்டும்."

வெளிநாட்டில் இருப்பவருக்குக் கெட்ட சேதி சொல்லாமல் மறைப்பது எங்கள் தெருவில் புதிதல்ல. நானும் தலையாட்டினேன்.

ஏப்ரல் 17

வீடியோ கால். மாமி முகத்துக்குப் பவுடர் போட்டு, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து உட்காரவைத்தேன்.

"என்ன உம்மா, மெலிஞ்சிட்டிய?"

"வெயிலுதாம்லே. வேற என்ன."

போனைப் பிடித்திருந்தது நான். மருந்து பாட்டில்கள் தெரியாதபடி கொஞ்சம் திருப்பிக்கொண்டேன்.

ஏப்ரல் 20

மலருக்காக அகராதி பார்த்தேன். சீசன் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். ஆதியில் அதற்கு 'விதைப்பு' என்று பொருள். பிறகு விதைக்கும் காலம், அப்புறம்தான் எல்லாப் பருவமும். பழம் பருவத்தில் கனிந்து ருசிப்பதால், சமையலில் உப்பும் மசாலாவும் சேர்ப்பதற்கும் அதே சொல். மரத்தை உலரவைத்துப் பக்குவப்படுத்துவதற்கும்.

சீசன் தானாக வருவது, நாம் காத்திருந்தால் போதும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது ஆள் இறங்கிச் செய்கிற ஒரு வேலையின் பெயராக இருந்திருக்கிறது. நாள் தவறினால் விதைத்தும் பயனில்லை.

என்ன செய்துகொண்டிருக்கிறோம் நாங்கள்? சீசன் வரைக்கும் மாமி இருப்பாங்களா? யாருட்ட கேக்க?

ஏப்ரல் 21

மாமியிடமே கேட்டேன். "அவன் வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார். பிறகு, "நான் சொன்னேன்னு மாமாட்ட சொல்லிராத."

ஏப்ரல் 22

மச்சானிடம் சொல்லிவிட்டேன். "உனக்கு எப்பம் தெரியும்?" என்றார். பதினோராம் தேதியே தெரியும் என்றேன். போனை வைத்துவிட்டார்.

மாமா இன்று என் கையால் சோறு வாங்கவில்லை.

மே 2

வந்துவிட்டார். கம்பெனி லீவு தரவில்லையாம். வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பெட்டியைக்கூடத் திறக்காமல் மாமியின் கட்டிலோரம் உட்கார்ந்தார். என் முகம் பார்த்துப் பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். வந்தாரே.

மே 19

கஞ்சி அவர் ஊட்டினால்தான் உள்ளே இறங்குகிறது.

ஜூன் 6

இந்த வருஷம் வைகாசியிலேயே சாரல் தொடங்கிவிட்டது. நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு மாமியை அடக்கிவிட்டு வந்தார்கள். மச்சான்தான் கபுருக்குள் இறங்கி, உம்மாவை இரு கையாலும் வாங்கி வைத்தாராம். மாமா சொன்னார். ஏப்ரலுக்குப் பிறகு மாமா என்னிடம் பேசிய முதல் பேச்சு.

மச்சானின் கையில் இருந்த மண்ணைக் கழுவ வாசலில் தண்ணீர் ஊற்றினேன். கழுவிய பிறகும் கையை நீட்டியபடியே நின்றார்.

"சீசனுக்குன்னு ஜூலை பத்துக்குல்லா டிக்கெட் போட்டிருந்தேன், ஜுஹைனா" என்றார்.